கப்பலை வரைய முதல், யாருக்குக் காவல் என்று எழுதுங்கோ



போன எபிசோட்டின் கடைசியில் ஒரு விளையாட்டு வைத்தோம். கப்பல் கூட்டம் ஒன்றுக்குத் துணையாகப் போகும் ஏவுகணைப் போர்க்கப்பலைக் கற்பனையாக வடிவமைத்து அனுப்புங்கோ என்று கேட்டோம். ஐந்தாறு பேர் அனுப்புவீர்கள் என்று நினைத்தால் இன்பொக்ஸ் நிறைந்துவிட்டது. டூங்காபியில் இருந்து ஒரு தம்பி 256 ஏவுகுழாய் போட்டிருக்கிறார் (ஏன் 256 என்று கேட்கத் தேவையில்லை, அவர் எங்கட ஆள்). கிளேட்டனில் இருந்து ஒரு தங்கச்சி ரேடார் கோபுரத்தை மூன்று தட்டாக வரைந்து, கீழே ஒரு டேட்டா சென்டர் அளவுக்கு சேர்வர் அறை வைத்திருக்கிறா. ஒருவர் முழுக்க லேசர். இன்னொருவர் பெயரை மட்டும் அனுப்பியிருக்கிறார், 'சோழன்' என்று. கப்பல் பிறகு வருமாம்.

ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். நல்லாச் சிரித்தேன், சிலதைப் பார்த்துப் பொறாமையும் வந்தது. ஆனால் ஒன்றிலாவது, இந்தக் கப்பல் எதற்குத் துணையாகப் போகிறது என்று ஒரு வரி இல்லை. எண்ணெய்க் கப்பலா, ஆட்களை ஏற்றின கப்பலா, எத்தனை, எவ்வளவு வேகம், எங்கேயிருந்து எங்கே? ஒன்றுமில்லை. கேள்வியைக் கேட்டவர்கள் நாங்கள், நாங்களும் சொல்லவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இது சின்ன விசயம் இல்லை என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்லுறன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. கடல்மட்டத்தை ஒட்டிப் பறந்து வரும் ஏவுகணை ஒன்று ஐந்து மீற்றர் உயரத்தில் வருகிறது என்று வையுங்கோ. உங்கட ரேடார் 25 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பூமி உருண்டை என்பதால், ரேடார் எவ்வளவு திறமானது என்றாலும் ஏறக்குறைய 30 கிலோமீற்றருக்கு அங்கால் அந்த ஏவுகணையைக் காணாது. செக்கனுக்கு 300 மீற்றர் வேகம் என்றால் கண்ணில் பட்டதில் இருந்து உங்களுக்கு இருப்பது 100 செக்கன். கிளேட்டன் தங்கச்சி செய்த மாதிரி ரேடாரை இன்னும் ஐந்து மீற்றர் உயர்த்தினால் கிடைப்பது இரண்டு கிலோமீற்றர், அதாவது ஆறு ஏழு செக்கன். அந்த ஆறு ஏழு செக்கனுக்காகத் தொன் கணக்கான பாரத்தை உச்சிக்குக் கொண்டு போகிறோம். கப்பல் ஆடும். ஆடாமல் இருக்க அகலத்தைக் கூட்டவேண்டும். அகலம் கூடினால் தள்ளுவதற்குக் கூடின இயந்திரம், கூடின எரிபொருள், கூடின காசு. மென்பொருளில் ஒரு ஃபீச்சரைச் சேர்க்கிற மாதிரி இங்கே எதையும் 'சும்மா' சேர்க்க ஏலாது. ஒவ்வொரு கிலோவும் இன்னொரு கிலோவை இழுத்துக்கொண்டு வரும்.

இந்த 100 செக்கன் கணக்கும் உங்களை நோக்கியே வருகிற ஏவுகணைக்குத்தான். துணைக்கப்பலுக்குப் பிரச்சினை வேறு. ஏவுகணை உங்களுக்கு வரவில்லை. உங்களைத் தாண்டி, பக்கத்தில் போகிற பெரிய, மெதுவான, ஆயுதமில்லாத கப்பலுக்குப் போகிறது. நேரே வருவதை அடிப்பதைவிடக் குறுக்கே போவதை அடிப்பது கஷ்டம். கப்பல்களில் கடைசிப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் வேகத் துப்பாக்கி ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள் வருவதைத்தான் சுடும், அது உங்களை மட்டுமே காப்பாற்றும். துணைக்கப்பலின் ஏவுகணைக்கு நீண்ட கை வேண்டும், அடுத்த கப்பல் எங்கே நிற்கிறது என்பதும் அதன் கணினிக்கு ஒவ்வொரு கணமும் தெரியவேண்டும்.

இதைப் பிரித்தானியர் கடுமையான விலை கொடுத்துப் படித்தார்கள். 1982 மே 25, போக்லாந்துப் போர். ஆர்ஜென்டினாவின் விமானங்கள் இரண்டு எக்சோசெட் ஏவுகணைகளை ஏவின. துணைக்கு நின்ற போர்க்கப்பல்கள் தங்கட புத்தகத்தில் இருந்தபடியே செய்தன: உலோகத் துகள்களை வானத்தில் தூவி ஏவுகணையின் ரேடாரைக் குழப்பின. குழம்பிய ஏவுகணைகள் போர்க்கப்பலை விட்டு விலகி, அங்கால் நின்ற அட்லாண்டிக் கொன்வேயர் என்ற சரக்குக் கப்பலைப் பிடித்தன. அதில் தூவுவதற்குத் துகளும் இல்லை, சுடுவதற்கு ஏவுகணையும் இல்லை. 12 பேர் செத்தார்கள். படையைக் காவிப்போக வைத்திருந்த ஹெலிகொப்டர்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. மூன்று சினூக், ஆறு வெசெக்ஸ். அதற்குப் பிறகு பிரித்தானியச் சிப்பாய்கள் அந்தத் தீவைப் பொதியைச் சுமந்துகொண்டு நடந்தே கடந்தார்கள்.

எங்கட பாசையில் சொன்னால், யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. போர்க்கப்பல் தன்னைக் காப்பாற்றிவிட்டது. காப்பாற்ற வந்த கப்பல்தான் இல்லை.

இனி எங்கட ஊர்க் கதைக்கு வாறன். 'எங்கட ஊர்' என்று நான் சொல்வது சிட்னியும்தான், சென்னையும்தான்.

என்ர அம்மப்பா கொஞ்சம் கெட்டித்தனமான, பயப்பட வேண்டிய ஆள் யாரையாவது கண்டால் "அவன் ஒரு எம்டன்" என்பார். நான் அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தேன். 2006இல் 'எம்டன் மகன்' என்று ஒரு படம் வந்து, தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்பதால் 'எம் மகன்' ஆனபோதுதான், அட இது தமிழ் இல்லையோ என்று தேடினேன். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்று நூற்றுக்கு மேல் குண்டுகளைச் சுட்டு, பர்மா ஒயில் கம்பனியின் எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதன் நினைவுக் கல் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்துச் சுவரில் இருக்கிறது. அந்தப் பயம்தான் சொல்லாக மாறி, பாக்கு நீரிணையின் இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் வந்தது.

அந்த எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி ஹைட் பார்க்கில் நிற்கிறது. மியூசியம் ஸ்டேசனில் இறங்கி ஒக்ஸ்ஃபோர்ட் வீதிப் பக்கம் நடந்தால், மூலையில். எத்தனை வெள்ளிக்கிழமை இரவு அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள்! நான் அதில் சாய்ந்துகொண்டு உபர் ஈட்ஸ் பார்த்திருக்கிறேன், அது என்ன என்று தெரியாமலே.

பீரங்கி இங்கே வந்த கதைதான் எங்கட விளையாட்டுக்கு உண்மையான விடை. 1914 நவம்பர். அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிக்கொண்டு 38 கப்பல்கள் இந்து சமுத்திரத்தைக் கடக்கின்றன. சுமார் 30,000 பேர், ஆயிரக்கணக்கான குதிரைகள். நவம்பர் 9ஆம் தேதி காலை துணைக்கு நின்றவை மூன்று: எச்.எம்.ஏ.எஸ். சிட்னி, எச்.எம்.ஏ.எஸ். மெல்பேர்ன், ஜப்பானின் இபுக்கி. கொக்கோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்துக்காரர்கள், அடையாளம் தெரியாத ஒரு கப்பல் வந்து நிற்கிறது என்று வானொலியில் அனுப்புகிறார்கள். எம்டன் அந்தச் சமிக்ஞையைக் குழப்பப் பார்த்தது, முடியவில்லை. (எம்டன் இதில் பழைய ஆள். பினாங்கில் பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. ஸ்பூஃபிங் என்பதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.)

பாதுகாப்புக்குப் பொறுப்பு மெல்பேர்னின் கப்டன் மோர்டிமர் சில்வர். செய்தி வந்ததும் தன்ர கப்பலைத்தான் முதலில் திருப்பினார். திருப்பிய பிறகு யோசித்தார்: நான்தானே இந்த 38 கப்பலுக்கும் பொறுப்பு, நான் போனால்? திரும்பித் தன்ர இடத்துக்கு வந்தார். சிட்னியைப் போகச் சொன்னார். இபுக்கி தன்னை விடச்சொல்லிக் கேட்டது, அதையும் விடவில்லை.

மிச்சம் எல்லாருக்கும் தெரிந்த கதை. சிட்னிக்குப் பெரிய பீரங்கி, கூடின வேகம். தொடக்கத்தில் எம்டன் நன்றாகவே அடித்தது, சிட்னியின் தூரமானியைக் கூட உடைத்தது. கடைசியில் எம்டனில் 130க்கு மேற்பட்டவர்கள் செத்து, கப்பல் தரைதட்டியது. சிட்னியில் செத்தது நாலு பேர். சிட்னியின் பாய்மரக் கம்பம் பிராட்லிஸ் ஹெட்டில் இன்றும் நிற்கிறது. மெல்பேர்னுக்கும் இபுக்கிக்கும் அந்தச் சண்டைக்காக எந்தக் கம்பமும் இல்லை. அவை 38 கப்பல்களோடு நின்றன. அன்று காலை சில்வர் எடுத்த முடிவுதான் துணைக்கப்பல் என்பதன் வரைவிலக்கணம் என்று நினைக்கிறேன். மெல்பேர்ன் வாசகர்கள் இதை வைத்து எங்களோடு சண்டைக்கு வரலாம், நியாயமான சண்டை.

நீங்கள் அனுப்பின படங்களில் கிட்டத்தட்ட எல்லாமே சிட்னிகள். ஒரு மெல்பேர்ன் இல்லை.

சரி, அது 1914. இப்போது அவுஸ்திரேலியா உண்மையிலேயே துணைக்கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறது, அதே பிழையோடு. 2018இல் ஹண்டர் ரக ஃபிரிகேட் ஒன்பது கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். பிரித்தானியாவின் டைப் 26 வடிவம், நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கென்று அமைதியாக ஓடச் செய்தது. அதில் கன்பராவில் செய்யும் சியா நிறுவனத்தின் பெரிய ரேடாரை ஏற்றினார்கள். அமெரிக்க ஏஜிஸ் மென்பொருளை ஏற்றினார்கள். அதோடு பேச சாப் நிறுவனத்தின் இடைமுகம் ஒன்றையும் ஏற்றினார்கள். 8,000 தொன் அளவில் இருந்த வடிவம் சுமார் 10,000 தொன் ஆனது. இவ்வளவுக்கும் ஏவுகுழாய் 32தான். அதைவிடச் சின்னதான ஹோபார்ட் ரக டிஸ்ட்ராயரில் 48 இருக்கிறது. உடனே பத்திரிகைகளில் 'ஏவுகுழாய் போதாது' என்ற சண்டை தொடங்கியது. 2023 மே மாதம் தேசிய கணக்காய்வு அலுவலகம் ஒரு அறிக்கை வெளியிட்டது. போட்டியிட்ட மூன்று வடிவங்களில் எது கொடுக்கிற காசுக்குப் பெறுமதி என்று பாதுகாப்புத் திணைக்களம் மதிப்பிடவே இல்லை என்று அதில் இருந்தது. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இதே மாதிரி ஒரு புரொஜெக்ட்டைப் பார்த்திருப்பீர்கள், தொகையில் நாலைந்து பூச்சியம் குறைவாக.

2024 பெப்ரவரியில் ஒன்பது ஆறாகக் குறைந்தது. அதோடு 11 சிறிய ஃபிரிகேட்டும், ஆளில்லாமலும் ஓடக்கூடிய ஆறு கப்பல்களும், ஒவ்வொன்றிலும் 32 குழாய். 2025 ஓகஸ்ட்டில் அந்தச் சிறிய ஃபிரிகேட்டுக்கு ஜப்பானின் மொகாமி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 90 பேர் ஓட்டக்கூடிய கப்பல். இபுக்கி திரும்பி வருகிறது என்று நான் ரெயினில் தனியாகச் சிரித்தேன்.

மொகாமி நல்ல தெரிவு என்றுதான் நினைக்கிறேன். என்ர முறைப்பாடு வேறு. இந்த வாதம் முழுக்கக் குழாய் எண்ணிக்கையைச் சுற்றியே ஓடுகிறது. 32ஆ 48ஆ 96ஆ? செங்கடலில் 2023 ஒக்டோபர் தொடங்கி அமெரிக்கக் கப்பல்கள் செய்ததைப் பாருங்கோ. மலிவான ட்ரோன்களுக்கு மில்லியன் டொலர் ஏவுகணைகள். குழாய் வெறுமையானால் கடலில் வைத்து நிரப்ப ஏலாது, துறைமுகத்துக்குத் திரும்பவேண்டும். அமெரிக்கர்கள் 2024 ஒக்டோபரில்தான் கடலில் வைத்து நிரப்பும் இயந்திரம் ஒன்றைச் சோதித்துக் காட்டினார்கள், அதுவும் வெற்றுக் கூட்டை வைத்து. நீங்கள் நிரப்பப் போகிற நாட்களில் அந்தச் சரக்குக் கப்பலுக்குப் பக்கத்தில் யார் நிற்பது? டூங்காபித் தம்பியின் 256 குழாய்க் கப்பல் ஒன்றைவிட 64 குழாய்க் கப்பல் நாலு எனக்கு விருப்பம். ஒன்று துறைமுகத்துக்குப் போனாலும் மூன்று நிற்கும். ஆனால் இதையும் என்னால் உறுதியாகச் சொல்ல ஏலாது, ஏனென்றால் எதற்குக் காவல் என்று யாரும் சொல்லவில்லையே! பயணிகள் கப்பல் இரண்டுக்கு என்றால் ஒரு விடை. சிங்கப்பூரில் இருந்து எரிபொருள் கொண்டுவரும் வரிசைக்கு என்றால் வேறு விடை.

இதுவரை எழுதினது தொழில்நுட்பம். இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என்ர சித்தியின் மகள் மெல்பேர்னில் கொம்பியூட்டர் சயன்ஸ் கடைசி வருடம். அவளுக்கு ஒரு பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை வந்திருக்கிறது, போர்க்கப்பலின் மென்பொருள் எழுத. சித்திக்குச் சந்தோசம், நிரந்தர வேலை. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் நெடுந்தீவு. 1985இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையில் தெரிந்தவர்களை இழந்தவர். எங்கட பல வீடுகளில் 'நேவி' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வெள்ளைச் சீருடை எந்த நாட்டினது என்பதை அந்தப் பயம் பார்ப்பதில்லை.

எனக்கும் அப்படி ஒரு அழைப்பு முன்னொருக்கால் வந்தது. பாதுகாப்பு அனுமதிக்கான படிவம் பாதி வரை நிரப்பினேன். பத்து வருட முகவரிகள், அப்பா அம்மா பிறந்த இடம், வெளிநாட்டில் யார் யார் சொந்தம். அப்பாவின் பிறந்த தேதி கடவுச்சீட்டில் ஒன்று, அப்பம்மாவின் ஞாபகத்தில் இன்னொன்று. அதில் நின்றேன் என்று எல்லாருக்கும் பகிடியாகச் சொல்லுவேன். உண்மையில் நின்றது அதில் இல்லை. அது 2014 யூலை.

அந்த மாதம் பாண்டிச்சேரியில் இருந்து வந்த 157 பேரை, பெரும்பாலும் தமிழர், குழந்தைகளும் உண்டு, ஓஷன் புரொடெக்டர் என்ற அவுஸ்திரேலியச் சுங்கக் கப்பலில் கிட்டத்தட்ட ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தார்கள். கொக்கோஸ் தீவுக்கு மேற்கே பிடித்த இன்னொரு படகில் இருந்த 41 பேரை இலங்கை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் அதிகமானவர்கள் சிங்களவர், தமிழர் நாலு பேர் என்று அரசாங்கம் சொன்னது. அதற்கு முதல் வருடம்தான் டோனி அபொட் கொழும்பில் நின்றுகொண்டு இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகு கொடுக்கிறோம் என்று அறிவித்தார். 157 பேரின் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. 2015 சனவரியில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில், அவர்களைக் கப்பலில் வைத்திருந்தது சட்டப்படி சரி என்று தீர்ப்பு வந்தது. கொக்கோஸ். அதே தீவு. சரியாக நூறு வருடம் முதல் 38 கப்பலுக்காக ஒரு கப்டன் திரும்பி வந்து நின்ற அதே கடல். அந்தக் காலையை நான் மெச்சி எழுதுகிறேன், இந்த மாதத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் கப்பல் நன்றாகவே வேலை செய்தது.

அதனால்தான் 'யாருக்குக் காவல்' என்ற வரி வெறும் பொறியியல் வரி இல்லை என்கிறேன். அந்த வரியை எழுதாமல் விட்டால் வேறு யாரோ பிறகு எழுதுவார்கள், நீங்கள் கட்டின கப்பலின் மேல். ரேடாருக்கு ஒரு படகு புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளி காக்கவேண்டியதா தடுக்கவேண்டியதா என்பது ஒரு மேசையில், ஒரு ஆவணத்தில், மென்பொருள் எழுத முதலே முடிவாகும்.

தங்கச்சி போன் எடுத்து "அண்ணா, நான் போகட்டா?" என்று கேட்டாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த நாடு தீவு. அதற்கு எண்ணெயும் மருந்தும் கப்பலில்தான் வருகிறது, அதற்கு ஒரு மெல்பேர்ன் தேவை. நான் பாதியில் மூடின படிவத்தால் எந்தக் கப்பலும் நிற்கவில்லை, அந்த மேசையில் எங்கட ஆள் ஒருவர் குறைந்தார், அவ்வளவுதான். இதில் நான் பிழை என்று உங்களில் சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கோ, அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம். சித்தப்பாவின் மௌனத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அவரிடம் நான் வாதாடப் போகவும் இல்லை.

அவளிடம் சொன்னது ஒன்றுதான். கையெழுத்து வைக்க முதல் அவர்களைக் கேள்: இந்தக் கப்பல் எதற்குத் துணையாகப் போகிறது, அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, அந்தப் பக்கத்தை மாற்ற யாருக்கு அதிகாரம். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்.

வெள்ளிக்கிழமை அவர்களோடு கதைக்கிறாள். கேள்விகளை எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறாள். என்ர கேள்வி இரண்டாவது இடத்தில் இருக்கிறது. முதலாவது, கிழமைக்கு எத்தனை நாள் வீட்டில் இருந்து வேலை செய்யலாம்.

படங்களைத் திருப்பி அனுப்புங்கோ. மேலே ஒரு வரி மட்டும் கூட.